தூக்கிய காட்சிகள்

வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடையின் மாடியில் ஜெயவேலுக்கு மிக்ஸிங் அறை இருந்தது. கல்யாண வீடியோ எடுப்பவர்கள் கேசட்டுகளை அவனிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவன் கம்ப்யூட்டரில் ஏற்றி, வேண்டாததை வெட்டித் தூக்கி, வேண்டியதை அடுக்கி, மேலே பூமழையும் இதய வடிவமும் தூவி, பாட்டுச் சேர்த்து சிடியாக்கிக் கொடுப்பான். வேண்டாதது என்றால் கொட்டாவி விடும் மாமா, செருப்பைத் தேடும் சித்தி, கேமராவை முறைக்கும் குழந்தை, காலியான நாற்காலி வரிசை. தூக்கியதை மற்றவர்கள் அழித்துவிடுவார்கள். ஜெயவேலுக்கு மனசு வராது. தனியாக ஒரு ஹார்டு டிஸ்க்கில் போட்டுவைத்தான். வேலை இல்லாத மத்தியானங்களில் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பான். எதற்கு என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது.

அப்படி ஒரு மத்தியானம்தான் கார்குழலி அங்கே வந்தாள். 2006ஆம் வருடம். திருவொற்றியூர்க்காரி, ஒரு கல்லூரியில் காட்சித் தொடர்பியல் பாடம் நடத்துகிறவள். தம்பி கல்யாண சிடியை வாங்கிப்போக வந்தவள், திரையில் ஓடுவதைப் பார்த்து நின்றுவிட்டாள். சமையல்கட்டின் ஓரத்தில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து ஒரு வயசான அம்மாள் தன் காலைத் தானே அமுக்கிக்கொண்டிருந்தாள். பட்டுப்புடவை முழங்கால்வரை ஏறியிருந்தது.

"எங்கம்மா," என்றாள் கார்குழலி.

ஜெயவேல் அவசரமாக நிறுத்தப் போனான். "சாரி மேடம். இது சிடில வராது. தூக்கிட்டேன். சும்மா பாத்துகினு இருந்தேன்."

"நிறுத்தாதீங்க. கல்யாணம் பூரா அம்மா சிரிச்சிட்டேதான் இருந்தாங்க. கால் வலிச்சதே எங்களுக்குத் தெரியாது." அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அடுத்து வேறு யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணம் வந்தது. அதையும் பார்த்தாள். போகும்போது, "ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு கல்மண்டபம் வாங்க," என்று இடம் சொல்லிவிட்டுப் போனாள்.

கல்மண்டபத்தில் ஸ்டானிஸ்லாஸ் என்பவரின் பிரவுசிங் சென்டருக்கு மேலே ஒரு நீளமான அறை. வடசென்னை மின்கலை மன்றம் அங்கேதான் கூடியது. கார்குழலி அதன் செயலாளர். கல்லூரி ஆசிரியர்கள் சிலர், ஓவியம் படித்துவிட்டு அச்சகத்தில் டிசைன் செய்கிறவர்கள், சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போகிறவர்கள் என்று இருபது பேர்போல உறுப்பினர்கள். ஸ்டானிஸ்லாஸ், துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் லாரிகளின் சத்தத்தைப் பதிவு செய்து கம்ப்யூட்டரில் இசையாகக் கோத்துக்கொண்டிருந்தார். மன்றத்துக்குச் சொந்தமாக ஒரு புரொஜெக்டரும் ஒரு ஸ்கேனரும் இருந்தன. உறுப்பினர்கள் முறைவைத்து எடுத்துப் போவார்கள். ஒருவர் ஏதாவது செய்தால் மற்றவர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள், ஆசிரியர்கள் அதைப் பற்றி எழுதுவார்கள். கம்ப்யூட்டரில் செய்வதெல்லாம் ஒரு கலையா என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்தபோது, அப்படிக் கேட்காத மாடி அது ஒன்றுதான்.

முதல் நாள் தன்னைப் பற்றிச் சொல்லச் சொன்னபோது ஜெயவேல் எழுந்து, "வியாசர்பாடி. மிக்ஸிங் பண்றேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். உறுப்பினர் அட்டையில் கார்குழலி அவன் பெயருக்குக் கீழே 'காணொளிக் கலைஞர்' என்று எழுதிக் கொடுத்தாள். அவன் வீட்டுக்குப் போய் அதை மனைவி அம்முவிடம் காட்டினான்.

"யாரு, நீயா?" என்றாள் அம்மு. கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் அட்டையை ஈரக்கை படாமல் முந்தானையால் பிடித்துப் பார்த்தாள்.

அடுத்த வருடம் மன்றத்தின் ஆண்டுக் கண்காட்சிக்கு ராயபுரத்தில் ஒரு பள்ளிக்கூட ஹால் கிடைத்தது. ஜெயவேல் தான் தூக்கிய காட்சிகளைக் கோத்து இருபது நிமிடப் படம் ஒன்றைத் தயார் செய்தான். பாட்டில்லை, பூமழையில்லை. கண்காட்சிக்கு முன்பு உறுப்பினர்கள் பார்த்துப் பேசுவது வழக்கம். ஞாயிற்றுக்கிழமை ஜன்னல்களைப் போர்வையால் மூடிவிட்டுப் பார்த்தார்கள்.

கொட்டாவிகளுக்குச் சிரித்தார்கள். அரிசி மூட்டை அம்மாள் வந்தபோது கார்குழலி கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். பிறகு ஒரு முஸ்லிம் வீட்டுக் கல்யாணம் வந்தது. பெண்கள் பக்கம், கடைசி வரிசையில், பச்சைப் புடவையில் முக்காடு போட்ட ஒரு பெண். நாற்பத்தைந்து வயதிருக்கும். அவரிடம் யாரும் பேசவில்லை. யாருடையதோ ஒரு குழந்தையின் செருப்பு வாரை மாட்டிவிட்டார். எக்கி எக்கி மேடைப் பக்கம் பார்த்தார். தூணுக்குப் பின்னால் போனார், வந்தார். கடைசியில் மணப்பெண்ணை மேடைக்கு அழைத்துப் போகும்போது, கூட்டத்தின் ஓரத்திலிருந்து அவர் கை நீண்டது. தரையில் புரண்ட துப்பட்டா நுனியை எடுத்து, தூசியைத் தட்டி, மற்றவர்கள் காலில் படாமல் ஒதுக்கிவிட்டது. மணப்பெண் திரும்பவில்லை. பெண் மேடை ஏறியதும் பச்சைப் புடவைக்காரர் வாசல் பக்கம் நடந்தார்.

படம் முடிந்ததும் போர்வைகளை எடுத்தார்கள்.

"அந்தப் பச்சைப் புடவை யாரு?" என்று கேட்டாள் கார்குழலி.

"பேரு தெரியாது மேடம். பொண்ணோட அத்தா, அதான் அப்பா, என் ரூமுக்கே வந்தாரு. அத்தாவுல்லா பாய், ரெடிமேட் துணி ஹோல்சேல் பண்றாரு. பக்கத்துல குந்திகினு, இந்தப் பொம்பள வர்ற எடமெல்லாம் தூக்கிடுன்னு வெரல வெச்சிக் காட்டினாரு. ஒண்ணு விடாம தூக்கினேன்."

கார்குழலி யோசித்தாள். "மத்தவங்க தற்செயலா வெளிய போனவங்க ஜெயவேல். இவங்கள வேணும்னே வெளிய அனுப்பியிருக்காங்க. இவங்களக் கேக்காம நாம இதக் காட்டக் கூடாது."

ஜெயவேலுக்குச் சுருக்கென்றது. "தூக்கச் சொல்லும்போது யாரும் அவங்களக் கேக்கல. இப்ப காட்டறதுக்கு மட்டும் கேக்கணுமா?"

"அப்ப கேக்கலன்றதாலதான் இப்பக் கேக்கணும்."

மன்றத்தில் வாதம் நடந்தது. தெருவில் நிற்கிறவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டா படம் எடுக்க முடியும் என்றார்கள் சிலர். முகத்தை மங்கலாக்கிவிடலாம் என்றார் ஒருவர். அதைக் கேட்டதும் ஜெயவேலே தலையை ஆட்டினான். "அது இன்னொரு வாட்டி தூக்கறா மாதிரிங்க. நானே போய்க் கேக்கறேன்," என்றான்.

கல்யாணத்தைப் படமெடுத்த கேமராக்காரருக்குப் பச்சைப் புடவைக்காரரைத் தெரிந்திருந்தது. பெயர் ஷரீஃபுன்னிசா. அத்தாவுல்லாவின் சொந்தத் தங்கை. தண்டையார்பேட்டையில் தனியாக இருந்துகொண்டு பள்ளிக்கூட யூனிஃபாரம் தைக்கிறார். ஜெயவேலும் கார்குழலியும் ஒரு சனிக்கிழமை போனார்கள். ஒரே அறை. நீல நிறச் சட்டைகள் கழுத்துப்பட்டி இல்லாமல் ஓர் ஓரமாக அடுக்கியிருந்தன.

கல்யாண வீடியோ என்றதுமே அவர் தையல் மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டார். "அண்ணன் அனுப்பிச்சாரா?"

"இல்லக்கா. அவருக்கு நாங்க வந்ததே தெரியாது," என்றான் ஜெயவேல். தான் யார், என்ன செய்தான் என்பதைச் சுற்றிவளைக்காமல் சொன்னான். சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "உங்களத் தூக்கின கை இதுதான்க்கா."

ஷரீஃபுன்னிசா கோபப்படவில்லை. "அப்ப சிடில நான் இல்லவே இல்லியா?"

"இல்லக்கா."

"நெனச்சேன்." அவர் எழுந்து போய் டீ போட்டுக் கொண்டுவந்தார். பிறகு தானாகவே சொன்னார். "லுப்னாவுக்கு மூணு வயசுல அவ அம்மா மவுத்தாயிட்டாங்க. நான்தான் வளத்தேன். எங்கள்ல அத்தைய குப்பிம்போம். என்னக் குப்பி குப்பின்னுட்டு காலச் சுத்திகினே கெடக்கும். எனக்கு லேட்டாத்தான் கல்யாணமாச்சு. அந்த ஆளுகிட்ட அடி தாங்க முடியல. நானே ஜமாத்துல சொல்லிட்டு வெலகி வந்துட்டேன். அவரு எங்க அண்ணனுக்கு யாவாரத்துல கூட்டாளி. தங்கச்சியால எல்லாம் போச்சுன்னு அண்ணன் வூட்டுப் படி ஏறாதன்னுட்டாரு. கல்யாணத்துக்கும் சொல்லல. நான் வளத்த பொண்ணாச்சே, போனேன். வாசல்லியே அண்ணன் பாத்துட்டாரு. மேடப் பக்கம் வந்தீன்னா கல்யாணம் நின்னுடும்னாரு. அதான் பின்னாடியே குந்திட்டேன்."

"லுப்னா உங்களப் பாக்கவே இல்லியா?" என்று கேட்டாள் கார்குழலி.

"தல குனிஞ்சினு இருந்துச்சு. பாத்துச்சோ, பாத்தும் பாக்காத மாதிரி இருந்துச்சோ. ரெண்டு வருசமாச்சு. அது ஒரு வார்த்த விசாரிக்கல. நானும் போவல."

அவர்கள் கூப்பிட்டபடி மறுநாள் அவர் மன்றத்துக்கு வந்தார். ஸ்டானிஸ்லாஸ் கீழே போய் நல்ல நாற்காலியாகப் பார்த்துத் தூக்கிவந்து போட்டார். தன் காட்சிகளை ஷரீஃபுன்னிசா கைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். துப்பட்டா நுனியை எடுக்கும் இடம் வந்தபோது முன்னால் சாய்ந்தார்.

"திரும்பல பாரு," என்றார். பிறகு, "எவ்ளோ அழகா கீது எம்பொண்ணு," என்றார்.

காட்டலாமா என்று ஜெயவேல் கேட்டான். "எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி. என்னை இருந்தேன்னு காட்டறதுல எனக்கு இன்னா நஷ்டம்? ஆனா அது லுப்னாவோட கல்யாணம். அது சரின்னு சொன்னாத்தான் போடணும். புகுந்த வூட்ல ஒரு பேச்சு வந்துடக் கூடாது."

லுப்னா திருவொற்றியூரில் இருந்தாள், கார்குழலியின் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். பெண்ணாகத் தனியே போவதுதான் சரி என்று கார்குழலி ஒருத்தியாகப் போனாள். லுப்னா நிறைமாதத்துக்கு நெருங்கியிருந்தாள். வந்தவளை உட்காரவைத்து விசிறியைத் தன் பக்கமிருந்து அவள் பக்கம் திருப்பிவைத்தாள். கார்குழலி மெதுவாக விஷயத்துக்கு வந்து, "உங்க குப்பி கல்யாணத்துக்கு வந்தப்ப எடுத்தது..." என்று ஆரம்பித்தாள்.

"குப்பி வரலயே," என்றாள் லுப்னா.

கார்குழலி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"குப்பியக் கூப்புடுங்கன்னு அத்தாகிட்ட சொன்னேன். வரமாட்டேன்னுட்டான்னு சொன்னாரு. வளத்த புள்ளய வேணாம்னு விட்டுட்டாங்களேன்னு நான் அழுதது எங்க வூட்டுக்காரருக்குத் தெரியும். அப்பறம் சிடி வந்துச்சு. ஒருவேள பின்னால எங்கியாவது நின்னிருப்பாங்களோன்னு நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். எங்கியும் இல்ல."

"வந்திருந்தாங்கம்மா," என்றாள் கார்குழலி. "எங்ககிட்ட இருக்கு. நீங்க வந்து பாருங்க."

லுப்னாவை அவள் கணவனே ஆட்டோவில் அழைத்துவந்தான். மாடிப்படி செங்குத்தானது. அவள் ஏற முடியாது என்பதால் ஸ்டானிஸ்லாஸ் பிரவுசிங் சென்டரின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கீழேயே ஒரு கம்ப்யூட்டரில் போட ஏற்பாடு செய்தார். ஜெயவேல் தன் ஹார்டு டிஸ்க்கை இணைத்தான்.

கடைசி வரிசையில் பச்சைப் புடவை தெரிந்ததும் லுப்னா திரையைத் தொட்டாள். துப்பட்டா நுனியைக் கை எடுக்கும் இடத்தில், "நிறுத்துண்ணே," என்றாள். ஜெயவேல் நிறுத்தினான். அவள் அந்தப் படத்தையே பார்த்தாள். அவள் கண்ணிலிருந்து வழிந்ததை அவள் கணவன் தன் கைக்குட்டையால் ஒற்றினான்.

"யாரோ இழுத்தாங்கன்னு தெரிஞ்சுது. கூட்டத்துல மிதிக்கிறாங்கன்னு நெனச்சேன். எரிச்சலா வந்துச்சு," என்றாள். பிறகு, "குப்பி வூடு எங்க கீது?" என்று கேட்டாள்.

தண்டையார்பேட்டைக்கு ஆட்டோவிலேயே போனார்கள். ஜெயவேல் வழி காட்டத் தன் வண்டியில் முன்னால் போனான். சந்து முனையில் ஆட்டோ நின்றது. லுப்னா வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கி நடந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அவள் வாசலில் நின்று, "குப்பி," என்றாள். மெஷின் நின்றது.

ஜெயவேல் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. ஆட்டோக்காரரிடம் போய்ப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தான். வெகுநேரம் கழித்து லுப்னாவின் கணவன் வெளியே வந்து, "உள்ள வாங்கண்ணே, டீ போட்டுட்டாங்க," என்றான். உள்ளே ஷரீஃபுன்னிசா தரையில் உட்கார்ந்து லுப்னாவின் வீங்கிய பாதங்களை மடியில் வைத்திருந்தார். "டாக்டரம்மாகிட்ட காட்டினியா, உப்பு கொறச்சியா," என்று திட்டிக்கொண்டே இருந்தார். லுப்னா சின்னப் பிள்ளைபோல, "ம்... ம்..." என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

கண்காட்சிக்கு லுப்னா சம்மதித்தாள். ஆனால் ஒன்று கேட்டாள். "என் மொகம் வேணாம்ண்ணே. மேடையும் வேணாம். குப்பி கை மட்டும் வரட்டும். அப்பறம், எனக்கு என் கல்யாண சிடிய சரியாப் பண்ணிக் குடுங்க. குப்பி எங்கெங்க இருந்தாங்களோ அங்கெல்லாம் திரும்ப வைங்க."

ஜெயவேல் எத்தனையோ கல்யாணங்களுக்கு மிக்ஸிங் செய்திருக்கிறான். ஆனால் தூக்கியதைத் திரும்ப வைப்பது அதுவே முதல்முறை. பழைய பாட்டின் தாளத்துக்குள் அந்தக் காட்சிகள் பொருந்தவில்லை. ஒன்றை வைத்தால் இன்னொன்று தட்டியது. மன்றத்தில் இரண்டு பேர் அவன் அறைக்கே வந்து உடன் உட்கார்ந்தார்கள். ஸ்டானிஸ்லாஸ் ஒலியைச் சீர்செய்து கொடுத்தார். கடைசியில் பாட்டை எடுத்துவிட்டு, மண்டபத்தின் இரைச்சலையே அப்படியே விட்டார்கள். பூமழையை மட்டும் ஓரிடத்தில் ஜெயவேல் எடுக்கவில்லை. ஷரீஃபுன்னிசா குழந்தைக்குச் செருப்பு மாட்டும் இடத்தில் ரோஜா இதழ்கள் விழுந்தன.

"இது நல்லா இல்ல ஜெயவேல்," என்றாள் கார்குழலி, சிரித்துக்கொண்டே.

"தெரியும் மேடம். அவங்களுக்குப் புடிக்கும்."

கண்காட்சி மூன்று மாலைகள் நடந்தது. முதல் மாலையே ஷரீஃபுன்னிசா வந்தார். தன் கை பெரிய திரையில் வந்தபோது பக்கத்திலிருந்த ஒரு கல்லூரிப் பெண்ணிடம், "இது நான்தான்," என்றார். அந்தப் பெண் எழுந்து அவரோடு கைகுலுக்கினாள். அவருக்குக் கூச்சமாகிவிட்டது. ஸ்டானிஸ்லாஸின் லாரி இசையையும் முழுசாகக் கேட்டார். "நம்ம தெருவுல இதத்தான் தெனம் கேக்கறோம். ஆனா இங்க கேக்கறதுக்கு நல்லா கீது," என்று சொல்ல, ஸ்டானிஸ்லாஸ் அந்த வாரம் முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். அம்முவும் வந்திருந்தாள். ஜெயவேலிடம் மாணவர்கள் கேள்வி கேட்பதைப் பின்னால் நின்று பார்த்தவள், வீட்டுக்குப் போகும் வழியில், "நல்லாத்தான் பேசறே," என்றாள்.

அதற்குப் பிறகு மன்றத்தில் ஒரு வழக்கம் வந்தது. யாருடைய முகமாவது, குரலாவது ஒரு படைப்பில் இருந்தால், செய்தவர் நேரில் போய் அவரைப் பார்த்துவிட்டு வர வேண்டும். கூட இன்னோர் உறுப்பினரும் போவார். இதனால் வேலை மெதுவாகிறது என்று சிலர் குறைபட்டார்கள். மெதுவாகட்டும் என்றாள் கார்குழலி.

புது சிடியை லுப்னா அத்தாவின் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் போட்டுக் காட்டினாள். அத்தாவுல்லா பாதியில் எழுந்து கடைக்குப் போய்விட்டார். திட்டவுமில்லை, ஒன்றும் சொல்லவுமில்லை என்று அவள் போனில் ஜெயவேலிடம் சொன்னாள். "பயந்துகினே இருந்தேண்ணே. ராத்திரி சோறு மட்டும் வேணாம்னுட்டாராம்."

லுப்னாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பார்வையாளர் நேரத்தில் ஜெயவேலும் கார்குழலியும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வார்டுக்கு வெளியே நீள பெஞ்சின் ஒரு முனையில் அத்தாவுல்லா உட்கார்ந்திருந்தார். ஜெயவேலை அடையாளம் தெரிந்தது. லேசாகத் தலையை அசைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார். உள்ளே குழந்தை லுப்னாவின் பக்கத்தில் துணிச்சுருளுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. ஷரீஃபுன்னிசா அங்கே இல்லை. கேன்டீனுக்குப் போயிருப்பதாக லுப்னா சொன்னாள். "ரெண்டு பேரும் இன்னும் ஒரு வார்த்த பேசிக்கலக்கா," என்றாள் கார்குழலியிடம் மெதுவாக.

ஜெயவேல் ஆண்கள் அதிக நேரம் நிற்கக் கூடாதென்று வெளியே வந்து பெஞ்சுக்கு எதிரில் சுவரோரமாக நின்றான். ஷரீஃபுன்னிசா ஃபிளாஸ்கோடு படியேறி வந்தார். அண்ணனைப் பார்த்ததும் நடை தயங்கியது. பிறகு பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்து, ஃபிளாஸ்க் மூடியில் டீயை ஊற்றி, அவர் பக்கமாகப் பலகையின்மேல் நகர்த்திவைத்தார்.

அத்தாவுல்லா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆறிப்போகிற நேரத்தில் எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"சக்கரையே இல்ல," என்றார், எதிர்ச்சுவரைப் பார்த்து.

"உனக்கு சுகர் கீதுன்னு சொன்னாங்க," என்றார் ஷரீஃபுன்னிசா.

"யாரு சொன்னது?"

"கேட்டுகினுதான் இருந்தேன்."

அத்தாவுல்லா மீதி டீயையும் குடித்துவிட்டு, மூடியைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு, "கொழந்த யாரு சாயல்னு தெரியல. நீ வந்து பாத்துச் சொல்லு," என்றபடி எழுந்தார். ஷரீஃபுன்னிசா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவர் பின்னால் உள்ளே போனார்.